அறுபத்தொரு மஞ்சள் செருப்புகள்

எங்கள் கடை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஏழு படி இறங்கி வர வேண்டும். கூரையை ஒட்டி நீளமாக, ஒரு முழ உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் முழங்காலுக்கு மேல் உலகத்தில் எதுவும் கிடையாது. கடையில் முக்கால்வாசி அக்காவுடையது, எல்லாம் செருப்பு. சுவரோரமாக ஒரே ஒரு அலமாரி என்னுடையது. அதில் கொலுசு, தோடு, தொப்பி, கூலிங் கிளாஸ்.

கோடைக்கு என்ன சரக்கு எடுப்பது என்று தெரிந்துகொள்ள மற்ற கடைக்காரர்கள் பத்திரிகை பார்ப்பார்கள், ஏஜென்டைக் கேட்பார்கள். நாங்கள் கால்களை எண்ணுவோம். வெயில் தொடங்கியதும் ஆறு நாட்கள், காலை பத்து முதல் பதினொன்று வரை, ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னலைக் கடக்கும் செருப்புகளுக்கு வகைவாரியாக நோட்டில் கோடு போடுவோம். பத்துக் கோடு வந்தால் செய்தி, இருபது வந்தால் ஃபாஷன், முப்பது வந்தால் ஆர்டர். இது அக்காவின் சட்டம். ஐந்து வருடமாகப் பொய்த்ததில்லை.

இந்த வருடம் அக்காவுக்குக் கழுத்துப் பிடிப்பு. அண்ணாந்து பார்க்க முடியவில்லை. நோட்டு என் கைக்கு வந்தது.

அதே வாரம் அத்தான் அளவு டேப்போடு வந்து என் அலமாரியின் நீள அகலத்தை எடுத்தார்.

"எதுக்கு அத்தான் அளக்கறீங்க?"

"சாக்ஸ் வைக்கலாம்னு."

"அப்ப என் கொலுசெல்லாம்?"

"போன சீசன்ல நீ வித்தது மொத்தம் மூணு தோடு, சின்னவளே. அதுலயும் ஒண்ணு நீயே போட்டுக்கிட்டே. இந்தச் சீசன்ல பாதி அலமாரியாவது காலியாகட்டும். இல்லைன்னா சாக்ஸ்தான்."

பழுப்பும் கறுப்பும் சாம்பலுமாய் உருண்டு கிடக்கப்போகும் சாக்ஸுகளுக்கு என் அலமாரியை விட்டுக்கொடுப்பதா? எப்படியாவது இந்தக் கோடையின் ஃபாஷனைப் பிடித்துவிட வேண்டும் என்று ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கால்களைப் பார்த்தால் கதை கட்டிவிடுவேன். மெதுவாகப் போகும் ஷூவுக்குக் கைவிடப்பட்ட காதல், வேகமாகப் போகும் ஷூவுக்குத் திருட்டு. முதல் நாளே ஒரு மஞ்சள் செருப்பு போனது. கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள், அகல வார், வலது கணுக்காலில் மட்டும் ஒரு நீலக்கல் மினுக்கியது. ஒரு கோடு போட்டேன். சற்று நேரத்தில் எதிர்த்திசையில் இன்னொரு மஞ்சள் வந்தது. இன்னொரு கோடு. பிறகு இன்னொன்று. தெருமுனையில் பெண்கள் மட்டுமே வேலை செய்யும் ஒரு பெரிய நிறுவனம் திறந்திருக்கிறது, அங்கே மஞ்சள்தான் சீருடை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. போகிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், வருகிறவர்கள் சாவியை மறந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஆறாம் நாள் அக்காவிடம் கணக்கைச் சொன்னேன்.

"அறுபத்தொண்ணா?"

"அறுபத்தொண்ணு."

"கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் ஆறு நாள் படுத்தா ஊரே மஞ்சளுக்கு மாறிடுமா?"

"அதோட வலது கால்ல மட்டும் நீலக்கல் கொலுசுக்கா."

"எல்லாருக்குமா?"

"ஒருத்தர் விடாம."

அப்போதே எங்கள் இருவரில் ஒருத்திக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அக்கா நூற்றிருபது ஜோடி மஞ்சள் செருப்பு வரவழைத்தாள். நான் எண்பது நீலக்கல் கொலுசு வரவழைத்தேன், எல்லாம் ஒற்றைக் கொலுசு.

இரண்டு வாரம் எதுவும் அசையவில்லை. அக்கா செருப்புகளைக் கோபுரமாக அடுக்கினாள், விசிறியாக விரித்தாள், கடைசியில் வாசற்படியிலேயே வைத்தாள். ஒரு பெண் கையில் எடுத்துப் பார்த்து, "இது தண்ணியில மிதக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"அந்த அறுபத்தோரு பேர்ல ஒருத்திக்குக்கூடவா செருப்பு அறுந்துபோகல?" என்றாள் அக்கா. அவளுக்கு என் மேல் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது.

எனக்கும்தான். மறுபடி ஸ்டூலில் ஏறினேன். மஞ்சள் போனது. இடது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. ஆறு நிமிடம் கழித்து மஞ்சள் திரும்பியது. இடது குதிகாலில் ஒரு பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் ஒரு மூலை உரிந்து தொங்கியது. மூன்றாம் முறையும் அதே மூலைதான் தொங்கியது.

ஏழு படிகளையும் மூன்றே எட்டில் ஏறினேன்.

அந்தக் கால்களுக்கு மேலே ஐம்பது வயதுக்காரம்மா ஒருத்தி இருந்தாள். வியர்த்த முகம், கையில் தண்ணீர் பாட்டில்.

"தினமும் இந்தப் பக்கம் நீங்க மட்டும்தான் நடக்கறீங்களாம்மா?"

"ஏன் கண்ணு, நடக்கக் கூடாதா? தெருவுலயே இந்தப் பால்கனி வரிசை அடியிலதான் நிழல். டாக்டர் ஆறாயிரம் அடி சொல்லியிருக்கார். அங்க போய்த் திரும்பி, இங்க வந்து திரும்பி, எப்படியோ ஓட்டறேன்."

"இந்த மஞ்சள் செருப்பு..."

"என் மகன் ஆன்லைன்ல வாங்கினான். கலரைப் பாத்தியா? இதைப் போட்டுக்கிட்டு பெரிய தெருவுல நடக்க முடியுமா? இங்கன்னா ஒரு ஈ காக்கா பாக்காது."

அவள் வலது கணுக்காலைக் காட்டினேன். "கொலுசு?"

"கொலுசா? இது அடி எண்ற பட்டி, மினுக்கறது அதோட நீல லைட்டு. கையில கட்டினா சரியா எண்ணலைன்னு கால்ல கட்டியிருக்கேன். இதுவும் நழுவி நழுவி கீழ வந்துடுது. நூறு அடி வச்சா அறுபதுன்னு காட்டுது. பாவம் பாக்காத சனியன்."

நடந்ததை அக்காவிடம் நானாகச் சொல்லும் தைரியம் வரவில்லை. அந்தம்மாவையே கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். அக்கா அவள் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு?"

"ம்."

அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தம்மாவோ கடை முழுக்க அடுக்கியிருந்த மஞ்சளைப் பார்த்து மலைத்து நின்றாள். "அடேங்கப்பா. என் மகனுக்கு ரசனையே இல்லைன்னு நான்தான் திட்டிக்கிட்டு இருந்தேனா?"

அவள் அப்படியே என் அலமாரிப் பக்கம் வந்து, ஒரு நீலக்கல் கொலுசை எடுத்துப் பட்டிக்குக் கீழே பூட்டிக்கொண்டாள். கடைக்குள்ளேயே நூறு அடி நடந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நூறு," என்றாள். "நழுவவே இல்ல. இது எத்தனை இருக்கு?"

அந்த டாக்டர் தன்னிடம் வரும் எல்லோருக்கும் ஆறாயிரம்தான் எழுதுவாராம். எல்லோருடைய பட்டியும் நழுவுமாம். மறுநாளிலிருந்து காத்திருப்பு அறையே எங்கள் படியிறங்கி வந்தது. வலது காலை நீட்டும், ஒரு கொலுசு வாங்கும், நூறு அடி நடந்து பார்த்துவிட்டுப் போகும். செருப்பை ஏறிட்டும் பார்க்காது. பத்தே நாளில் என் அலமாரியில் ஒன்பது கொலுசுதான் மிச்சம்.

அத்தான் டேப்போடு வந்தார். என் அலமாரி முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"என் பக்கம் பாக்காதீங்க," என்றாள் அக்கா.

"பாக்கலையே. அளக்கறேன்."

"சொன்னது அவ அலமாரிக்கு."

"சொன்னது விக்காத அலமாரிக்கு."

அக்காவின் நடு அலமாரியில் சாக்ஸ் ஏறியது. இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கொலுசுக்காக ஒரு பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும், அக்கா ஓடிப்போய் அவள் காலில் ஒரு சாம்பல் சாக்ஸை மாட்டி, அதற்கு மேல் மஞ்சள் செருப்பையும் மாட்டினாள்.

"இந்தச் சீசன்ல சாக்ஸோட செருப்பு போடறதுதான் ஃபாஷன்."

"வெயில்லயா?"

"வெயில்லதான். வேர்வையை உறிஞ்சிடும். எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் போடறோம்," என்று சொல்லிவிட்டு அக்கா அத்தானைப் பார்த்தாள். கழுத்துப் பிடிப்பு போன இடம் தெரியவில்லை. நன்றாகத் திருப்பியே பார்த்தாள்.

அந்தப் பெண்ணும் அத்தானைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அத்தான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றினார்.

"பத்தாம் நம்பர் இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.