வெள்ளைக்காரன் பிடித்த நாடு

“அங்கயே நின்னு சொல்லும்மா. சரண்யா பண்ணுவா.”

சரண்யாவின் அம்மா திரௌபதியின் குரலில் கோபமே இல்லை. மழை வருகிறது, உள்ளே வா என்பதைப் போல அத்தனை இயல்பாகச் சொன்னாள். வாசற்படியில் வைத்த காலைப் பூவிழி மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

திண்டிவனம் கல்லூரியில் அவளும் சரண்யாவும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். நாடு பிடிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில், ஆடுகிறவர்களே புதுக் கதை சேர்த்துக்கொள்ளலாம். சுனாமிக்கு மறுவருஷம் இருவரும் லேபில் உட்கார்ந்து அப்படி ஒன்று செய்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலில் வந்திறங்கி ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுக்கொள்ளும் கதை. வரைபடம் சரண்யாவுடையது. ஆப்பிரிக்க ராஜ்ஜியங்கள் பூவிழியுடையவை.

“குண்டு வாங்கறதுக்குன்னே நிக்கிற ஆளுங்களா அந்த ஊர்க்காரங்கள வெக்காதடி. அவங்களுக்கும் ராணி, சந்தை, கோட்டை எல்லாம் வேணும். அவங்க பக்கம் நின்னும் ஆடணும்” என்று பூவிழி பிடிவாதம் பிடித்துச் செய்தாள்.

இன்று பெருமுக்கலிலிருந்து சரண்யாவின் மாமா பஞ்சநாதன் வந்திருந்தார். மகள் செய்ததை மைத்துனருக்குக் காட்ட ஆசைப்பட்டார் சரண்யாவின் அப்பா தெய்வசிகாமணி. ராணியின் கோட்டையைக் கம்பெனிப் படை நெருங்கியதும் விளையாட்டு அப்படியே நின்றுவிட்டது. சரண்யா காலனி முனைக் கடைக்கு போன் போட்டு, “கொஞ்சம் வர்றியாடி?” என்று கூப்பிட்டாள்.

பூவிழியின் அம்மா கொளஞ்சி, தெய்வசிகாமணியின் உப்பளத்தில்தான் உப்பு சுமக்கிறாள். “பின்பக்கமா போடி” என்று சொல்லித்தான் அனுப்பினாள். பூவிழி முன்பக்கமாகவே வந்தாள்.

இப்போது வாசலில் நின்றபடி, எதைத் திறக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சரண்யாவின் விரல்கள் தடுமாறின. விளையாட்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

தெய்வசிகாமணி திரையைக் காட்டிப் பொருமினார். “பாத்தியா மச்சான்? எங்கிருந்தோ வந்தவன், அந்த ஊர்க்காரனப் பாத்து ‘இங்க வராத, அங்க நிக்காத’ன்றான். சொந்த மண்ணுல ஒக்கார எடமில்ல அவனுக்கு! மனுசனுக்கு மனுசன் செய்யற வேலையா இது?”

பஞ்சநாதன் ‘ச்சூ’ கொட்டினார்.

பூவிழி சரண்யாவைப் பார்த்தாள். சரண்யா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அப்பா சொன்னதைவிட அந்தக் குனிந்த தலைதான் பூவிழிக்குச் சுரீரென்றது.

படியேறி உள்ளே போனாள்.

“எழுந்திருடி.”

சரண்யா எழுந்தாள். பூவிழி அந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பிழையைத் தேடினாள். அவள் எழுதியதுதான், அவளுக்குத்தான் தெரியும். சற்று நேரத்தில் பீரங்கி முழங்கியது. ஆண்கள் இருவரும் திரையை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் திரௌபதி ஒருத்திதான். பூவிழி செருப்பை மாட்டுவதற்குள் சேரை முற்றத்துக் குழாயடிக்குத் தூக்கி வந்து, பக்கெட்டில் தண்ணீர் மொண்டாள்.

பூவிழி திரும்பி நின்றாள்.

“ஆன்ட்டி, கம்ப்யூட்டர் மேலயும் ஊத்துங்க. சேர்ல இப்பதான் ஒக்காந்தேன். அந்த வெளையாட்டு முழுக்க என் கைதான் பட்டிருக்கு.”

திரௌபதியின் கையில் பக்கெட் அந்தரத்தில் நின்றது.

“வாய் நீளுதாடி? நாளைக்கு உங்கம்மா உப்பளத்துக்கு வரட்டும், பேசிக்கறேன்.”

பூவிழிக்கு அம்மாவின் முகம் கண்முன் வந்து போனது. ஆனாலும், தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பின்சந்துப் பக்கம் திரும்பாமல், நடுத்தெருவிலேயே நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து தெய்வசிகாமணியின் குரல் உற்சாகமாகக் கேட்டது:

“ராணி பக்கம் நில்லும்மா சரண்யா! கோட்டைக்குள்ள ஒருத்தனையும் உள்ள உடாத!”