நாற்பத்து மூன்று பொன்னாடைகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தோட்டத்து மாரியம்மன் சன்னிதியில் சூடம் அணைத்துச் சொல்லப்படுகிறது. ஒருமுறை அணைத்தால் நம்பாதவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு என்பதால் இரண்டு முறை அணைக்கப்பட்டது.

டாக்டர் வெர்னா டாலிவருக்கு எழுபத்திரண்டு வயது. அமெரிக்காவில் ஒரு பருத்திக்காட்டு லயத்தில் பிறந்த கறுப்பினப் பெண். லயம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் வரிசையாகப் பலகை வீடு, வெளியே எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய், விடிவதற்குள் மணியடித்தால் ஆணும் பெண்ணும் காட்டில் நிற்க வேண்டும் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

விண்வெளிக்குப் போன கலம் திரும்பி வரும்போது கடலில் பத்திரமாக இறங்க ஒரு பாராசூட் வேண்டும். அதை வடிவமைக்கும் பிரிவில் முதன்முதலாக உட்கார்ந்த கறுப்பினப் பெண் அவர். உட்கார்ந்தார் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். முதல் நாள் பொறியியல் பட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவரை மேலதிகாரி ஏற இறங்கப் பார்த்து, "தையல் கூடம் கீழ்த்தளத்தில்" என்று கதவைக் காட்டினார். இந்தத் தவறு திருத்தப்பட ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் காலையில் கீழே தைத்தார், மதியத்துக்கு மேல் மாடிக்குப் போய் வரைந்தார்.

கீழே விழும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. மேசையிலிருந்து பென்சில் உருண்டால் அது தரையைத் தொடும் கணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார். பென்சிலும் அந்தக் கணம்வரை காத்திருந்து தொடும்.

முப்பத்து நான்கு வருடத்தில் அறுபத்தொரு வடிவமைப்புகள். ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் வலது மூலையிலும் பெயர் போட ஒரு கட்டம் இருக்கும். அதில் மேலதிகாரியின் பெயர் இருந்தது. அவர் விடுப்பில் போனால் அவருக்கு அடுத்தவர் பெயர். ஒருமுறை இரண்டு பேருமே விடுப்பில் போய்விட்டார்கள். அப்போது வாசல் காவல்காரரின் பெயர். ஓய்வு பெற்ற அன்று டாலிவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதன் பின்னால் வேறு யாருடைய பெயரோ பொறித்திருந்தது.

அந்தக் கடிகாரம் ஓடி ஓடி ஓய்ந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தவள் திலகம். கோலாலம்பூருக்கு வடக்கே சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து ரவாங் தொழிற்சாலை ஒன்றில் காருக்கான காற்றுப்பை தைப்பவள்.

"மேடம், நாங்க தைக்கிற பையில ரெண்டு விதத் தையல் இருக்கு. ஒண்ணு அறுந்துட்டா எனக்கு வேலை போயிடும். இன்னொண்ணு அறாம இருந்தா வேலை போயிடும். உங்க பாராசூட்டுல, அறுந்தே ஆகணுங்கிற தையல எங்க வெச்சீங்க?"

டாலிவர் அதை நின்றபடியே மூன்று முறை படித்தார். பெரிய பாராசூட் ஒரே வீச்சில் விரிந்தால் கிழிந்து போகும். அதனால் அதன் வாயைச் சுருக்கி ஒரு கயிற்றால் கட்டி, முதலில் பாதி மட்டும் விரிய விடுவார்கள். சரியான நொடியில் அந்தக் கட்டு அற வேண்டும். எந்த நொடியில், எத்தனை தையலில் என்பதுதான் டாலிவரின் முப்பத்து நான்கு வருடம். அதை ஒருவர்கூட அவரிடம் கேட்டதில்லை.

பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது, கையில் துணியை வைத்துக்கொண்டுதான் காட்ட முடியும். திலகம் நச்சரித்து நச்சரித்து, அவள் உறுப்பினராக இருந்த மகளிர் நற்பணி மன்றத்தின் மகளிர் தின விழாவில் டாலிவருக்கு இருபது நிமிடம் வாங்கிக் கொடுத்தாள். டாலிவர் விமானம் ஏறினார். வழியில் சும்மா இருக்க வேண்டாமே என்று தமிழ் கற்றுக்கொண்டார். துபாயில் இறங்குவதற்குள் உயிரெழுத்து முடிந்தது. கோலாலம்பூரில் சக்கரம் தரையைத் தொட்டபோது வினையெச்சத்தில் இருந்தார்.

விழா சுங்கை பெசாரில், வயலை ஒட்டிய திடலில். பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள்.

"வாங்க மேடம், வாங்க. நாந்தான் மகளிர் மன்றத் தலைவர்" என்றார் சுகுமாறன், மீசையை நீவிக்கொண்டே.

டாலிவர் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். "பத்தரைக்கு நான் பேச வேண்டும். இருபது நிமிடம். திலகம் எங்கே?"

"திலகமா? பின்னால அடுப்புல மீ பெரட்டுது. நீங்க மொதல்ல உக்காருங்க மேடம், டத்தோ வந்துகிட்டே இருக்காரு."

டத்தோ பட்டம் வாங்கிய சிறப்பு விருந்தினர் கணேஸ்வரன் பதினொன்று நாற்பதுக்கு வந்தார். மாலை, குத்துவிளக்கு, இறைவாழ்த்து, வரவேற்புரை. பிறகு பொன்னாடை. விழாவுக்கு உதவியவர்கள் ஒவ்வொருவரும் மேடையேறி டாலிவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, படமெடுப்பவர் "இன்னொண்ணு" என்னும்வரை சிரித்துவிட்டு இறங்கினார்கள். பதினைந்தாவது பொன்னாடையில் அவருக்குக் கழுத்து மறைந்தது. முப்பதாவதில் காது.

"இது எப்போது முடியும்?" என்றார் உள்ளிருந்து.

"இதோ மேடம், இன்னும் பதிமூணுதான். ஒங்க இருபது நிமிஷத்துல இதுலயே பதினஞ்சு போயிருச்சு" என்றார் சுகுமாறன்.

"என் நேரத்திலா?"

"ஒங்களுக்குப் போடுற பொன்னாடை வேற யாரு நேரத்துல போடுறது? நியாயம் வேணாமா மேடம்?"

டாலிவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பதினாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து மறுபடியும் துணிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை துணி மேலேயே ஏறிவிட்டது. பொன்னாடைகளின் இடுக்கு வழியாகக் கூடாரத்தைப் பார்த்தார். தெற்கு மூலை முளை ஈர மணலில் அடித்திருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று ஏறிக்கொண்டிருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"தலைவரே, பன்னிரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு இந்தக் கூடாரம் எழும்பும்."

"எழும்பட்டும் மேடம். களை கட்டுதுல்ல?"

"காற்றில் எழும்பும் என்கிறேன்."

"மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று நாற்பத்து மூன்றாவதைத் தாமே போர்த்தினார்.

நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் தேத்தண்ணி வந்தது.

டத்தோ சுருக்கமாக இரண்டு வார்த்தை பேச எழுந்து, சரியாகப் பன்னிரண்டு பதினேழுக்கு, "பெண்கள் உயர வேண்டும்!" என்று நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். முளை பிடுங்கிக்கொண்டது. கூடாரம் ஒருதரம் மூச்சை இழுத்து, கம்பத்தோடும் டத்தோவோடும் மேலே போனது. ஒரு தென்னை உயரம். இரண்டு தென்னை. கம்பியில்லாத மைக் என்பதால் உரை தடைபடவில்லை.

"அலாமாக்!" என்று சுகுமாறன் தலையில் கை வைத்தார். "டத்தோ, எறங்குங்க! நன்றியுரை பாக்கி இருக்கு!"

கூடாரம் பாகான் நக்கோடா ஓமார் பக்கமாக, அதாவது கடலைப் பார்த்து நகர்ந்தது. அதன் நீண்ட கயிறு ஒன்று வயலில் இழுபட்டுக்கொண்டே போனது.

டாலிவர் எழுந்து நின்றார். நாற்பத்து மூன்று பொன்னாடைகளையும் ஒரே உதறலில் கழற்றினார்.

"திலகம்!"

பின்னாலிருந்து ஒருத்தி கரண்டியோடு ஓடி வந்தாள். "அம்மா, நாந்தாம்மா லெட்டர் போட்டது."

"தெரியும். ஊக்கு வேண்டும். நானூறு."

"நானூறு என்னாம்மா, சேலை கட்டுன பொம்பளைங்க பத்துப் பேரு நின்னா தேறிரும்லா."

தேறியது. லீலாவதி ஒருத்தியிடம் மட்டும் ஐம்பத்திரண்டு ஊக்கு இருந்தது. அத்தனையும் கழற்றிக் கொடுத்த பிறகும் அவள் சேலை அரை அங்குலம் நகரவில்லை. இதை எந்த விஞ்ஞானமும் இன்னும் விளக்கவில்லை.

பொன்னாடைகளை ஊக்கால் கோத்து, தோரணக் கயிற்றைச் சுற்றிலும் கட்டியாயிற்று. டாலிவர் வாயைச் சுருக்கிப் பிடித்தார். திலகம் கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள்.

"இந்த இடத்தில், வாய்க்கயிறு ஒன்றோடொன்று சேரும் இடத்தில்" என்றார் டாலிவர். "அறுந்தே ஆக வேண்டிய தையல் இதுதான். ஆள் எவ்வளவு கனம்?"

திலகம் அண்ணாந்து பார்த்தாள். "தொண்ணூத்தஞ்சு கிலோ. காலையில மூணு ரொட்டி சானாய் சாப்பிட்டாரு, அதையும் சேத்துக்குங்க."

"அப்படியானால் நாலு தையல். மூன்று போட்டால் முன்னாலேயே அறும். ஐந்து போட்டால் அறாது."

"ஏம்மா, அஞ்சே போட்டுருவமா?" என்று திலகம் மேலே கண்ணைக் காட்டிச் சிரித்தாள்.

"போடலாம்" என்றார் டாலிவர். யோசித்தும் பார்த்தார். "வேண்டாம். வடிவமைப்புக்குக் கெட்ட பெயர்."

விழாவுக்கு வந்திருந்த சோமுவின் நெல் லோரியில் ஏறி, வாய்க்கால் ரோட்டில் கூடாரத்தைத் துரத்தினார்கள். இழுபட்டு வந்த கயிற்றை டாலிவர் எட்டிப் பிடித்து, பொன்னாடைப் பாராசூட்டை அதில் ஒரு வளையத்தால் கோத்துவிட்டார். பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும், நூலில் காகிதத்தைக் கோத்துவிட்டால் காற்றே அதை மேலே ஏற்றிவிடும். அப்படியே ஏறியது. தன்னை நோக்கிப் பொன்னாடை வருவதைக் கண்டதும் டத்தோ பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தோளில் மாட்டிக்கொள்ளும்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடலுக்கு இருநூறு அடி இருக்கையில் காற்று விழுந்தது. கூடாரம் மடிந்தது. டத்தோ கீழே வர, பாராசூட் பாதி விரிந்து நின்றது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று லோரியில் நின்று திலகம் எண்ணினாள். அவள் கை டாலிவரின் முழங்கையை இறுக்கியது. "மூணு!"

நாலு தையலும் அறுந்த சத்தம் தஞ்சோங் காராங் வரை கேட்டது. நாற்பத்து மூன்று பொன்னாடைகளும் ஜரிகை மினுங்க விரிந்தன. டத்தோ கணேஸ்வரன் சேற்று வயலில், உட்கார்ந்த கோலத்திலேயே இறங்கி, "இந்த வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று முடித்தார்.

"அங்கதானாம்மா வெச்சீங்க?" என்றாள் திலகம்.

"அங்கேதான்."

டாலிவர் பேனா கேட்டு வாங்கினார். விரித்துக் கிடந்த பொன்னாடைகளில் கடைசியைத் தேடி, அதன் கீழ் வலது மூலையில் எழுதினார்: வடிவமைப்பு, வெர்னா டாலிவர். தையல், திலகம். அறுபத்திரண்டு வடிவமைப்புகளில் இதுதான் முதல் முறை. எழுதியதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"மேடம், மேடம்" என்று சுகுமாறன் மூச்சிரைக்க வந்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, பேசிருங்க. சாப்பாடு ஆறுது."

சேற்றிலிருந்து எடுத்த மைக்கை நீட்டினார். டாலிவர் வாங்கி, கூட்டத்தைப் பார்த்து, கயிற்றையும் தையலையும் பற்றிப் பேசினார். மைக்கில் தண்ணீர் போயிருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. வாய் நின்றதும் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

சுகுமாறன் அதற்குள் பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது எங்க போகுது?" என்றாள் திலகம்.

"அடுத்த வாரம் கோயில் திருவிழால்ல? பிரமுகருங்களுக்குப் போடணும். தொவைச்சா சேறு போயிரும்."

"அந்த ஒண்ண மட்டுமாச்சும் மேடத்துகிட்ட குடுங்கண்ணே. பேர் எழுதியிருக்காங்க."

"ஒண்ணு கொறைஞ்சா செட்டு ஒடைஞ்சிரும்மா. பேரை உள்பக்கமா மடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

டாலிவர் லோரியின் பலகையில் உட்கார்ந்து செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் வழித்தார். ஒரே செருப்பை வெகுநேரம் வழித்தார்.

ஊர் திரும்பிய பிறகு, பத்திரிகைச் செய்தியைத் திலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். முக்கால் பக்கப் படத்தில் டத்தோ வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மகளிர் தினத்தை முன்னிட்டு அவரே வடிவமைத்த பாராசூட் என்று போட்டிருந்தது. சுகுமாறனின் பெயர் இருந்தது. லோரி கொடுத்த சோமுவின் பெயர்கூட இருந்தது. டாலிவர் புதிதாகக் கற்ற தமிழில் விரலை வைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டே போய்க் கடைசி வரிக்கு வந்தார். 'மற்றும் பலர் கலந்துகொண்டனர்' என்று முடிந்திருந்தது. விரலை அங்கேயே வைத்திருந்தார்.

கீழே திலகம் எழுதியிருந்தாள்: "அம்மா, இந்தப் 'பலர்' நாம ரெண்டு பேருதான்."

இரண்டு முறை சூடம் அணைத்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும்: உண்மையில் விழா நடந்தது சுங்கை பெசாரில் ஒரு மண்டபத்துக்குள், சிமெண்டுக் கூரைக்குக் கீழே, ஜன்னல்களையெல்லாம் சாத்தி ஏசி போட்டு.