இரண்டு தெரு தள்ளி

பஸ் ஓட்டிய காலமெல்லாம் டிரைவர் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் தங்கியதே இல்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள் லீவு கேட்டு நிற்பார்கள். இவர் தாமாகவே அவர்கள் வண்டியை எடுத்துக்கொள்வார். பிள்ளைகளைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போவது, அங்கே குடில் ஜோடிப்பது எல்லாம் மனைவியின் பாடு. யாராவது இவரைச் சாமி கும்பிட அழைத்தால், "மேல ஒருத்தர் ஸ்டியரிங் பிடிச்சிருக்காரு. ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேச்சு குடுக்கக் கூடாது" என்று சிரிக்க வைத்து நழுவிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான்.

இந்த வருஷம் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன். ஊன்றுகோல் இல்லாமல் நடமாட முடியவில்லை. குடிலில் வைக்கும் பாலன் சொரூபத்தின் கை உடைந்துபோய், பெயின்டர் ஒருவரிடம் ஒட்டக் கொடுத்திருந்தாள். பண்டிகைக்கு முந்தின நாள் மதியம், "சாயங்காலப் பூசைக்குள்ள வாங்கிட்டு வந்துடுங்க. பக்கத்துலதானே" என்று இவரை அனுப்பினாள்.

பெயின்டர் சொரூபத்தைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். "பசை இன்னும் சரியா காயல. ஒட்டின கையை அழுத்திடாதீங்க, டிரைவர்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். ஒரு முனை திரும்பினார். அவ்வளவுதான், தெரு அவருக்குத் தெரியவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. கடைகள் இருந்தன, மரங்கள் இருந்தன, எதுவும் எதையும் சொல்லவில்லை. திரும்பி நடந்தார். இறக்கிய ஷட்டர் ஒன்று வந்தது. இன்னும் நடந்தார். அதே ஷட்டர் மறுபடியும் வந்தது. தாம் ஓட்டிய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுவிடாமல் எல்லாம் நாக்கில் வந்தன. ஆனால் எதிரே கிடந்த சாலையில் அவற்றில் ஒன்றுகூட ஒட்டவில்லை. யாரிடமாவது கேட்கலாம். என்னவென்று கேட்பது? என் வீடு எங்கே என்றா?

போன மாதம் மருமகன் வாசலில் வந்து நின்றபோது அவன் பெயர் வரவில்லை. நினைவுக்கு வரும்வரை இருமியே சமாளித்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனதற்கு வயசின் மேல் பழி போட்டார். இதற்கு எதன் மேல் போடுவது?

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். சொரூபத்தை மடியில் சாய்த்தபோது துண்டு விலகியது.

உள்ளே இருந்த பாலன் இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கு என்று கேட்கிற கைகள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கழுத்துக்கூட நிற்காத பிள்ளை. தாய் எடுக்காவிட்டால் அழுதுகொண்டே கிடந்திருக்கும். மேலே ஸ்டியரிங் பிடித்திருப்பதாக டிரைவர் நினைத்திருந்த கடவுள், உலகத்துக்கு வந்தபோது எதையும் பிடிக்கத் தெரியாமல்தான் வந்தார். யாராவது தூக்கட்டும் என்று தன்னையே கொடுத்துவிட்டு வந்தார். அதை அந்தக் கடவுள் அவமானமாக நினைக்கவில்லை. டிரைவரின் பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கைகளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

போன் அடித்தது.

"என்னங்க, வாங்கியாச்சா?"

வழியில் நெரிசல் என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினார்.

"எனக்கு வழி தெரியல."

"எந்த வழி?"

"நம்ம வீட்டுக்கு வர்ற வழி."

"உக்காந்திருக்கீங்களா?"

"ம்."

"எழுந்திரிக்காதீங்க. எதிர்ல என்ன இருக்கு?"

"மருந்துக்கடை. ஒரு பொண்ணு நிக்குது."

"அதைக் கூப்பிட்டு போனைக் குடுங்க."

கடைப் பெண் வந்து போனில் பேசிவிட்டு அவரைப் பார்த்தாள். "ரெண்டு தெரு தள்ளிதான் உங்க வீடு, ஐயா. அம்மா வர்றாங்களாம்" என்றாள், குழந்தையிடம் பேசுவது போல. எங்கோ தொலைதூரம் வந்துவிட்டதாக நினைத்திருந்தார். இரண்டு தெரு என்றதும் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

மனைவி ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்து, மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பாலில் தொடங்கி மருமகன் பெயர்வரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"கொஞ்சம் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள்.

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். பண்டிகை முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போவோம். இப்ப பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம், எழுந்திரிங்க."

இருட்டுவதற்குள் பாலனைத் தேவாலயத்துக் குடிலில் கிடத்தினார். ஒட்டிய கை அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் இந்த முகங்களை, பக்கத்தில் இருப்பவளை, தெரியுமா என்று பூசை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் ஒன்றும் வரவில்லை. என்னைத் தூக்கிக்கொள் என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல முடிந்தது.

வெளியே வந்து நடந்தார்கள். முச்சந்தி வந்ததும் டிரைவர் நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்" என்றாள் மனைவி.