வெட்டிய புத்தகத்தின் பின்பாதி

ஆரோக்கியசெல்விக்கு அந்த வேலை வேண்டும். அறுபதுகளில் கிருஷ்ணகிரியில் கன்னியாஸ்திரீகள் புதிதாகத் தொடங்கிய பெண்கள் கல்லூரியில் ஒரே ஓர் ஆங்கில ஆசிரியை இடம் இருந்தது. அமெரிக்க இலக்கியம் என்று புதிதாக ஒரு தாள் வந்திருந்தது. அதை நடத்தத்தான் ஆள் தேடினார்கள். அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் காவேரியும் மனுப் போட்டிருந்தாள். எம்.ஏ. படித்த காலத்தில் இருவருமே இங்கிலாந்தைத் தாண்டி ஒரு வரிகூடப் படித்ததில்லை.

சென்னையிலிருந்து ஒரே ஒரு புத்தகம்தான் கிடைத்தது. அமெரிக்க இலக்கிய வரலாறு, செங்கல் தடிமன். பைண்டிங் கடை ஆஞ்சப்பன் அதை உள்நாட்டுப் போர் வரும் இடத்தில் இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு அட்டை போட்டுக் கொடுத்தார். ஆளுக்கொரு பாதியைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

முன்பாதியை ஆரோக்கியசெல்விதான் அவசரமாகக் கேட்டு வாங்கினாள். ஆரம்பமே அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கறாரான கிறிஸ்தவக் கூட்டம், பைபிளும் பிரசங்கமுமாக இருக்கும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் தனக்கு அத்துப்படி என்று நினைத்தாள். பிரித்துப் பார்த்தால், அந்த மனிதர்களுக்கு மாதா சுரூபமும் ஆகாது, கிறிஸ்துமஸும் ஆகாது. இவளைக் கண்டிருந்தால் அடுத்த கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடுத்து, விடுதலைப் போர்க் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள். காட்டையும் கடலையும் மனசாட்சியையும் பேசிய ரொமான்டிக்குகள் வருவதற்குள் இவளுக்குக் கண் சொருகியது.

காவேரிக்கோ கொண்டாட்டம். காவேரிப்பட்டினத்திலிருந்து பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் தினமும் கதைதான்.

"போர் முடிஞ்சதும் கனவெல்லாம் கலைஞ்சு போச்சு செல்வி. தெருவுல போறவன் எப்படிப் பேசறானோ அப்படியே எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் ஒரு கூட்டம், மனுசன ஆட்டி வெக்கறதே பசியும் பொறப்பும்தான்னு சொல்லுச்சு. மொத உலகப் போர்ல மனசு ஒடஞ்சவங்க பாரிஸ்ல போயி உக்காந்துக்கிட்டாங்க. நியூயார்க்ல கறுப்பு ஜனங்க தங்களோட பாட்டையும் கோவத்தையும் எழுத்துல கொண்டாந்தாங்க. இப்பப் பாரு, தாடிக்காரப் பசங்க ரோடு ரோடா சுத்திக்கிட்டே எழுதறாங்க!"

தினமும் அதே பஸ்ஸில் சந்தைக்கு வரும் காய்க்கூடை மாரம்மாகூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஆரோக்கியசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல பாதி அவளுக்கு, நல்ல வாயும் அவளுக்கா?

"மாத்திக்கலாமா? ஒம் பாதில நம்ம உபநிஷத்தெல்லாம் படிச்சவங்க இருக்காங்களாமே, அதப் படிக்கணும்" என்றாள் காவேரி.

"நான் இன்னும் முடிக்கலடி."

பச்சைப் பொய். முடித்து வெகுநாள் ஆகியிருந்தது. கொடுக்காவிட்டால் பின்பாதி தனக்கும் வராது என்பது தெரியாமல் இல்லை. காவேரி கையில் முழுப் புத்தகமும் சேரக்கூடாது, அவ்வளவுதான். நேர்முகத் தேர்வு நாள்வரை அந்தப் பாட்டையே பாடினாள்.

அன்று காவேரி முதலில் உள்ளே போய் வந்தாள். அடுத்து ஆரோக்கியசெல்வி.

தேர்வு நடத்திய கன்னியாஸ்திரீகளின் தலைவி மதர் சிரித்தார். "போருக்கு முந்தைய இலக்கியம் தனக்குத் தெரியாதென்று உன் தோழி ஒப்புக்கொண்டாள். அதில் உன்னை மிஞ்ச ஆளில்லையாம். எங்கே, பார்ப்போம்."

ஆரோக்கியசெல்வி பொரிந்து தள்ளினாள். மதர் திருப்தியாகத் தலையாட்டினார். "சரி, போருக்குப் பிறகு?"

'அது காவேரிக்குத் தெரியும்.' சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பஸ்ஸில் கேட்டதை ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டாள். பசியும் பிறப்பும், பாரிஸ், நியூயார்க், தாடிக்காரப் பையன்கள். காவேரி கையை ஆட்டும் விதம்கூடக் கூடவே வந்தது. வேலை ஆரோக்கியசெல்விக்கே கிடைத்தது.

மறுநாள் பஸ்ஸில் காவேரி பின்பாதியை அவள் மடியில் வைத்தாள். கண் வீங்கியிருந்தது. "பாடம் நடத்த ஒனக்குத்தான வேணும். ஒம் பாதிய இப்பவாவது குடு. சும்மாதான், படிச்சுப் பாக்கறேன்."

இனிக் கொடுத்தால் என்ன நஷ்டம்? கொடுத்தாள்.

கல்லூரி திறந்தது. பியூரிட்டன்களை நடத்திய முதல் வகுப்பிலேயே பெண்கள் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் காவேரி, பக்கத்தில் மாரம்மா.

"கிறிஸ்துமஸ் கொண்டாடினா அபராதமாம் மாரம்மா! கறி சோறு கூடாது, ஆட்டம் பாட்டம் கூடாது..."

"அய்யய்யோ, என்னா சனம்டியம்மா அது!" மாரம்மா கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்டக்டரும் சிரித்தார்.

ஆரோக்கியசெல்விக்கு வயிறு எரிந்தது. அது அவளுடைய பாதி. அதில் சிரிக்க என்ன இருந்தது?

மெல்ல எழுந்து, காவேரிக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். நாளைக் காலை வகுப்பு இருந்தது.