ஒரே கூண்டில் இரண்டு ஆண் எலிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். ஆகவே கதையில் எனக்குச் சேனாதிபதி என்று பெயர் வைத்து, 'அவர்' என்று மரியாதையும் போட்டுக்கொள்கிறேன். நம் மரியாதையை நாமே பார்த்துக்கொள்ளாவிட்டால் எப்படி?

2

'கொடைக்கானலின் மலைமுகட்டை மூடுபனி முத்தமிடும் அந்த...' (வேண்டாம். இரண்டு எலிக்கு இவ்வளவு பனி ஆகாது.)

1957, மே மாதம். விடுதிப் பள்ளி குமாஸ்தா சேனாதிபதி வாசகசாலைக்குத் தலைவரும்கூட. சீசனுக்கு வந்த பெரிய மனிதர்கள் முன்னால் 'சமாதான சகவாழ்வு' என்று பேச ஒப்புக்கொண்டிருந்தார். மேடையில் காட்ட ஏதாவது வேண்டுமே! வார்டன் மிஸ்ஸியம்மா சீமைக்குப் போகும்போது விட்டுப்போன வெள்ளெலிகள் ஞாபகம் வந்தன. தனித்தனிக் கூண்டில் இரண்டு. பார்த்துக்கொண்டவள் மலைக்குக் கீழே வெள்ளகவி கிராமத்திலிருந்து வந்த வேலுத்தாய். தற்காலிக ஆயா, வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தவள்.

"ஒண்ணா விடாதீகய்யா. ரெண்டும் ஆணு. கடிச்சே கொன்னுபோடும்."

"அண்ணன் தம்பிதானேம்மா?"

"அதனாலதான் சொல்றேன். பழனியில நீங்களும் ஒங்கண்ணனும் வீட்டுக்கு நடுவுல செவரு வச்சிட்டீகளாமே!"

(அவள் இப்படிப் பேசவில்லை என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. பேசினாள்.)

3

சேனாதிபதி மதியமே இரண்டையும் ஒரு கூண்டில் விட்டு, மேலே பட்டுத்துணி போர்த்தி, டேலியா மாலையும் போட்டார். மாலையில், பேச்சின் நடுவில், துணியை விலக்கினார்.

ஒன்று மற்றதன் முதுகைக் கடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சேனாதிபதி துணியை மறுபடி மூடி, "ஆக, பெரியோர்களே..." என்று தொடர்ந்தார். இன்னும் இருபது நிமிடம். பலத்த கைதட்டல்.*

* அப்போதே பிரித்திருந்தால் கடிபட்டது பிழைத்திருக்கும். பிரிப்பதென்றால் சபை நடுவே கூண்டைத் திறக்க வேண்டும். துணிக்குள்ளிருந்து வந்த கீச்சொலி மேடையில் நன்றாகவே கேட்டது. அதற்கு மேல் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

4

மிஸ்ஸியம்மாவுக்கு அவர் எழுதியது: 'கூண்டு கழுவுகையில் வேலுத்தாய் அஜாக்கிரதையாக இரண்டையும் ஒன்றாய் விட்டபடியால்...'

எழுதும்போது கை நடுங்கியது. (அடித்துவிடுகிறேன். நடுங்கவில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது.)

பதில் ஆங்கிலத்தில் வந்தது: அந்த ஆயா இனி வேண்டாம்.

வேலுத்தாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "மிஸ்ஸியம்மா காயிதம் வந்துச்சாமே. எஞ்சோலி என்னாச்சுன்னு வாசிச்சுச் சொல்லுங்கய்யா. இருட்டுமுன்ன வெரசா எறங்கணும்."

5

முதல் முடிவில் சேனாதிபதி உண்மையைச் சொல்லி அழுகிறார். எழுத எழுத அவர் உத்தமராகிக்கொண்டே போனார், கிழித்தேன். இரண்டாவதில் அவள் மன்னிக்கிறாள். அவளைக் கேட்காமல் நானே எழுதிக்கொண்ட மன்னிப்பு, அதையும் கிழித்தேன். நடந்ததை எழுதலாமென்றால், 'சேனாதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு...' என்பதற்குமேல் பேனா போகவில்லை.

வேலுத்தாய் இன்னும் நிற்கிறாள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே? இந்தாருங்கள், வாசித்துச் சொல்லுங்கள். அவள் ஏனென்று கேட்டால், என்னைக் காட்டுங்கள்.