கையெழுத்துக்கு ஒரு முழம்

மேல்கரணைக்கும் கீழ்க்கரணைக்கும் பொதுவான ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் எழுநூற்றுப் பன்னிரண்டு முழம் நடந்து போய் நின்றது. அளந்தவர் சர்வேயர். மனுஷன் வேறு எதில் பொய் சொன்னாலும் அளவில் சொல்லமாட்டார். உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கிற இந்த இரண்டு ஊருக்கும் சேர்த்து அரசாங்கம் ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான் கொடுத்தது. எந்த ஊரில் கட்டுவது என்று நாலு வருஷம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் டேப் பிடித்து, இரண்டு ஊருக்கும் சரிபாதித் தூரத்தில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் கட்டினார்கள். ஆறு கட்டில், ஒரு மருந்தறை, ஒரு பிரசவ அறை, தண்ணீர் வராத ஒரு கழிப்பறை. மற்றபடி கட்டிடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடந்ததற்குக் காரணம் மனு. மேல்கரணையில் ரைஸ்மில் வைத்திருக்கும் முத்துகிருஷ்ணன், ஆஸ்பத்திரியைத் தங்கள் ஊருக்குள் மாற்றித் தரச் சொல்லி, எழுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு காஞ்சிபுரத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தார். நம்பர் போட்டு ரசீதும் வாங்கிவந்தார். மறுநாள் காலையில் கட்டிடம், கட்டில், பெயர்ப்பலகை, படியில் படுத்திருந்த நாய் சகிதமாக மேல்கரணைப் பக்கம் தள்ளி நின்றது. கையெழுத்துக்கு ஒரு முழம். கட்டிடம் நடந்ததில் யாருக்கும் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. மனு கொடுத்த மறுநாளே வேலை நடந்திருக்கிறதே என்றுதான் வாயைப் பிளந்தார்கள். கீழ்க்கரணையில் உரக்கடை சேட்டு சும்மா இருப்பாரா? அடுத்த திங்கட்கிழமை தொள்ளாயிரத்து நாற்பது கையெழுத்தோடு போனார். அதற்கடுத்த வாரம் மேல்கரணைக்காரர்கள் செத்துப்போனவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். செத்தவர்கள் கையெழுத்துக்கு அரை முழம்தான் நகர்கிறது என்பது பிறகு தெரியவந்தது. இப்படியே மூன்று வருஷம் போயிற்று. ஒரு சேனல்காரன் வந்து நாலு பேரை நாலு கட்டத்தில் உட்காரவைத்து ஒரே நேரத்தில் கத்தவிட்டுப் போனான். கட்டிடம் நகர்வதற்கு விதிகளில் தடை ஏதும் இல்லை என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அத்தோடு சரி.

இத்தனை கூத்துக்கும் நடுவில் வேலை பார்க்க வேண்டியவள் நர்ஸ் சுதா. உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். மற்ற ஊர் நர்ஸுகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவள் செவ்வாய்க்கிழமையானால் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணா, இன்னிக்கு எங்க கீது?" என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். டீக்கடைக்காரர் கரண்டியாலேயே திசை காட்டுவார். ஒரு வாரம் கரும்புக்கொல்லை ஓரம், ஒரு வாரம் களத்துமேடு. தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, எந்த ஜென்மத்தில் யார் குடியைக் கெடுத்தேனோ என்று வாய்விட்டே புலம்புவாள். டாக்டர் அரவிந்தன் வாரத்தில் மூன்று நாள் வருவார். நல்ல பையன்தான், சின்ன வயசு. சட்டத்துக்குப் பயந்தவர்.

இதில் யாருக்குமே ஞாபகம் வராத இடம் ஒன்று உண்டு. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடும் கலங்கலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. எண்பத்துநாலு குடும்பம், எல்லாரும் கூலிவேலை. அவர்களும் ஒரு திங்கட்கிழமை மனுவோடு காஞ்சிபுரம் போனார்கள். ரிடையர்டு வாத்தியார் சாமுவேல்தான் எழுதிக் கொடுத்தார், ஒரு பிழை கிடையாது. கவுன்ட்டரில் இருந்தவர், இதே கோரிக்கை ஏற்கெனவே இரண்டு ஊர்ப் பேரில் இருக்கிறது, யாரோடாவது சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லி நம்பர் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம்பர் இல்லாத மனுவுக்குக் கட்டிடம் ஒரு விரற்கடைகூட அசையாது. ஆனால் சேட்டு ஆள் அனுப்பி காலனிக்காரர்களிடம் வாங்கிய கையெழுத்துக்கு நன்றாகவே நடந்தது, அவர்களை விட்டு இன்னும் தூரமாக. இதைக் கேட்டபோது சுதாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது.

அந்தக் காலனி வேதகிரியின் பெண்சாதி சோபியாவுக்கு முதல் பிள்ளை வலி எடுத்தது ஒரு ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. வேதகிரி ஷேர் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு, முந்தின நாள் ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்குக் கொண்டுபோனான். அங்கே வெறும் மண், செவ்வகமாக அழுந்திய ஒரு தடம். கட்டிடம் கால்வாயைத் தாண்டி நடவு வயலுக்குள் போய் நின்றிருந்தது. முழங்கால் சேற்றில் அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சுதா வாசலிலேயே கையை நீட்டி அவளை வாங்கிக்கொண்டாள். பிறந்தது பெண் குழந்தை. அழவில்லை. சுதா அதன் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், வாயில் ஊதினாள், இருபது நிமிஷம் விடவேயில்லை. பாவி மகளே, ஒரு தரம் அழுதுடேன் என்று அவள் கெஞ்சியதை மருந்தறையில் இருந்தவர்கள் கேட்டார்கள். அது அழவில்லை.

இரண்டு வருஷம் கழித்து சோபியா மறுபடி உண்டானாள். சுதா அவளுடைய அட்டையில் தேதி எழுதினாள், அக்டோபர் பத்து. இந்தப் பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்காமல் நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். செப்டம்பர் பத்தாம் தேதியே மேல்கரணை ரைஸ்மில்லுக்குப் போய், "ஐயா, ஒரே ஒரு மாசம் மனு கொடுக்காம இருங்க. அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்துக்கட்டும்," என்றாள்.

"நான் நிறுத்திக்கறேன்மா. அப்பால கீழ்க்கரணையானுங்க இஸ்துக்கினு பூட்டானுங்கன்னா? நீயா பதில் சொல்லுவ?"

அங்கிருந்து உரக்கடைக்குப் போனாள். சேட்டு கல்லாவை விட்டு எழுந்திருக்காமல், "நர்ஸம்மா, நானா பேஜார் பண்றேன்? அவனுங்கள முதல்ல நிறுத்தச் சொல்லு," என்றார். இருவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், ஊர்ப்பெயர் மட்டும் மாறியது. அவள் விடவில்லை. தினம் போனாள், வாசலில் நின்றாள், கத்தினாள். தொல்லை தாங்காமல் அவர்கள் கண்டுபிடித்த சமாதானம் இந்த இரண்டு ஊருக்குத்தான் தோன்றும். ஆஸ்பத்திரியைக் கட்டிப்போட்டார்கள். மேல்கரணைக்காரர்கள் பெருமாள் கோயில் தேர்வடத்தைக் கொண்டுவந்து மேற்குச் சுவரில் சுற்றி இழுத்துக் கட்டினார்கள். கீழ்க்கரணைக்குத் தேர் கிடையாது, அதனால் சேற்றில் சிக்கிய டிராக்டரை இழுக்கிற இரும்புச் சங்கிலி. இரண்டு பக்கமும் நாலு நாலு ஆள் காவல். நோயாளிகள் வடத்துக்கு அடியில் குனிந்து உள்ளே போய்வந்தார்கள். போதாததற்கு, இதற்கு ஒரு முடிவு கட்ட அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையைக் கட்டிடத்துக்கு முன்னாலேயே கூட்டினார்கள். ஷாமியானா, முன்னூறு பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட்.

கிராம சபையில் பேசியதை எல்லாம் எழுதினால் உங்களுக்கும் தலைவலி வரும். கீழ்க்கரணைக்காரர் ஒருவர் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்டிடம் மேல்கரணை எல்லைக்குள் போய்விட்டதே, அவர் இப்போது எந்த ஊர் நோயாளி என்று முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். புது டோக்கன் போடவேண்டும் என்றது ஒரு கட்சி. பாதி பாட்டில் வரைக்கும் பழைய டோக்கன் செல்லும் என்றது இன்னொன்று. டாக்டர் அரவிந்தனைக் கூப்பிட்டு மருத்துவ தர்மம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். யார் நிலைமை மோசமோ அவருக்குத்தான் முதல் வைத்தியம், ரத்தக் கொதிப்புக்கு ஊர்ப்பெயர் தெரியாது என்று அவர் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "அது ரைட்டு டாக்டரு. மோசமா கீறவங்க எந்த ஊரு, அத்தச் சொல்லு," என்றார். சாமுவேல் வாத்தியார் கையைத் தூக்கி, காலனி மனுவுக்கு ஏன் நம்பர் போடவில்லை என்று கேட்டார். அது இன்றைய பொருளில் இல்லை என்று உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், பழக்கம்தானே.

பதினொன்றே முக்காலுக்கு வேதகிரி ஏரிக்கரை மேல் ஓடிவந்தான். "சிஸ்டர், பனிக்குடம் ஒடஞ்சிப்போச்சு. நூத்தியெட்டுக்கு அடிச்சா, ஆஸ்பத்திரி இப்ப எங்க கீதுன்னு எங்ககிட்டயே கேக்கறான்." எட்டு நாள் முந்திக்கொண்டது. கலங்கலில் இடுப்பளவு தண்ணீர், அவளைத் தூக்கிவர முடியாது. சுதா நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடுங்கினாள். "வடத்த அவுத்து வுடுங்க. சங்கிலியயும் அவுத்து வுடுங்க. அது காலனிக்குப் போவட்டும். ஒரே ஒரு நாளு." முத்துகிருஷ்ணன் சேட்டுவைப் பார்த்தார். சேட்டு முத்துகிருஷ்ணனைப் பார்த்தார். "அவுங்க முதல்ல அவுக்கட்டும்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நீங்கல்லாம் மனுஷங்களா!" என்று சுதா கத்தியது மைக்கில் போய் இரண்டு ஊரிலும் கேட்டது. உள்ளே ஓடி, பிரசவச் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் வாசலில் நின்று, "சிஸ்டர், வீட்டுல பிரசவம் பார்த்தா மெமோ வரும். சஸ்பெண்ட்கூட பண்ணுவாங்க," என்றார். பயமுறுத்தவில்லை, உண்மையைச் சொன்னார். "வரட்டும் சார். அந்தக் காகிதத்த நான் மடிச்சு வெச்சுக்கறேன். அந்தப் புள்ளைய எங்க மடிச்சு வெக்கிறது?" என்று சொல்லி, வேதகிரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தன் பைக்கை உதைத்தார்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போனதும் பின்னால் ஏதோ வருகிற சத்தம் கேட்டு சுதா திரும்பிப் பார்த்தாள். பிரசவ அறை வந்துகொண்டிருந்தது. வடமும் சங்கிலியும் கட்டிடத்தைத்தானே பிடித்திருந்தன. அறை மட்டும் பலாச்சுளை மாதிரி கழன்று, மேஜை, விளக்கு, சுவரில் மாட்டிய தாய்ப்பால் வாரப் படம் எல்லாவற்றோடும், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒழுங்காக இடதுபக்கமாகவே வந்தது. எதிரே வந்த மாட்டுக்கு வழிவிட்டது. கலங்கல் தண்ணீரில் சுதாவும் டாக்டரும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க, அவர்களுக்கு முன்னால் போய் அக்கரை ஏறி, சோபியாவின் வீட்டை ஒட்டி, கொடியில் காய்ந்த துணி ஒன்றுகூட விழாமல் உட்கார்ந்தது. சுதாவுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. "லைட்டப் போடு," என்றாள் வேதகிரியிடம். லைட் எரிந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு ஆண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. தொட்டதும் அழுதது. காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி, யாரோ சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி அழுதது. தொப்புள்கொடியைக் கட்டி முடித்து, பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டு, சுதா தரையில் உட்கார்ந்து அதைவிடச் சத்தமாக அழுதாள். ஆல்வின் என்று பெயர் வைத்தார்கள்.

அதே நேரத்தில் கிராம சபை, கட்டிடம் இனி எந்தத் திசையிலும் நகரக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கட்டிடத்துக்கு நடுவில் அறையளவுக்கு ஓட்டை விழுந்து பின்னால் இருக்கும் வயல் தெரிவதை டீ கொடுக்கிற நேரத்தில்தான் பார்த்தார்கள். பார்த்தும் வடத்தை அவிழ்க்கவில்லை. இன்றைக்கும் அவிழ்க்கவில்லை.

சுதாவுக்கு மெமோ வந்தது. விசாரணை அதிகாரி, குழந்தை எங்கே பிறந்தது என்று கேட்டார். பிரசவ அறையில் என்றாள். டாக்டரும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுவரில் அறை எண் மூன்று என்று அரசாங்கப் பெயின்ட்டிலேயே எழுதியிருந்ததால் மெமோவை ரத்து செய்தார்கள். ஆண்டுத் தணிக்கைக்கு வந்தவர்கள், கட்டிடத்தில் ஒரு அறை குறைகிறதே, எங்கே போயிற்று என்று கேட்டு எழுதினார்கள். டாக்டர் அரவிந்தன் யோசித்து, "களப்பணியில் உள்ளது" என்று பதில் எழுதினார். மறு கேள்வி வரவில்லை. சுதா இல்லாத நேரத்துக்காகச் சாவி சோபியாவிடம் இருந்தது.

அறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மேல்கரணையிலிருந்து மூன்று மனு போயிற்று, கீழ்க்கரணையிலிருந்து நாலு. எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டார்கள். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும். மாசி மாசம் ஒரு நாள் விடியற்காலையில் முத்துகிருஷ்ணனின் மகள் பூஜாவுக்கு வலி எடுத்தது. சுதாவுக்குப் போன் போட்டுவிட்டு, காரில் மகளை ஏற்றிக்கொண்டு, வற்றிப்போன கலங்கல் வழியாக அவர் காலனிக்கு வந்தார். அந்த வயசுக்கு அதுதான் அவர் அங்கே முதல் தடவை கால் வைப்பது. சட்டைப் பையில் நாலாவது மனு இருந்தது, அன்றைக்குத் திங்கட்கிழமை. காரை விட்டு இறங்கி, யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தார். காருக்குள் பூஜா அலறினாள்.

"யம்மா சோபியா, கதவத் தொறம்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்," என்றார்.

சோபியா இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்து அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, பூஜாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மேஜையில் படுக்கவைத்தாள். சுதா ஸ்கூட்டியில் வந்து சேரும்வரைக்கும், அவள் தோள் கழன்றுபோகிற அளவுக்கு பூஜா பிடித்துக்கொண்டிருந்தாள். முத்துகிருஷ்ணன் வாசலில் நின்றபடி, வேதகிரியிடம் இந்த வருஷம் ஏரித் தண்ணீர் நவரை நெல்லுக்குப் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார். கையில் இருந்த ஆல்வின் அவர் சட்டைப் பையிலிருந்த மனுவை உருவி வாயில் வைத்துக்கொண்டான். அவர் அதைப் பிடுங்கவில்லை. ஆறு இருபதுக்குப் பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ. அறை இருந்த இடத்திலேயே இருந்தது.