தேக்லே துப்பாத ஒயின்

எங்கள் ராச்சா மலையிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டம் வர்லாமுடையது. அங்கே கொடி வெட்டப் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே நிற்கும் முசுக்கட்டை மரத்தில் முடிந்துகொள்வான். ஒருமுறை வர்லாமின் கழுதை அந்தச் சரிவில் நின்று தும்மியது. தும்மல் முடிந்தபோது அது ரியோனி ஆற்றின் அக்கரையில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு அது தும்மவே இல்லை. வேண்டுமானால் கழுதையைப் போய்ப் பாருங்கள்.

அந்தத் தோட்டத்தில் உதிரும் பழம் தரையில் தங்காது. உருண்டு, கீழே போன்தோவின் தோட்டத்துக்குப் போய்விடும். போன்தோ அறுவடைக்குக் கூடை எடுப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. வேலியோரம் தொட்டியை வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

வர்லாமின் மனைவி மேதேயாவுக்கு இது வெறுத்துப்போய்விட்டது. திபிலிசியில் சின்ன விவசாயிகளின் ஒயினுக்கென்று ஒரு சந்தை கூட்டுகிறார்கள் என்றும், எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு ஒயினைத் தேர்ந்தெடுக்க தேக்லே என்ற பெண் வருகிறாள் என்றும் செய்தி வந்தபோது, மேதேயா புருஷனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அவன் ஒயினை எடுத்தால் தோட்டம் இருக்கும். எடுக்காவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பன்றி வளர்ப்பது. புகைபோட்ட பன்றித் தொடைக்கு நாக்கைச் சப்புக்கொட்டாத ஆள் ராச்சாவில் கிடையாது. பேச்சோடு நிற்காமல் ஒரு பெண்பன்றியை வாங்கி வந்து, முற்றத்தை ஒட்டிய முதல் கொடியின் அடியிலேயே கட்டியும் வைத்தாள்.

தேக்லே நல்ல வெயில் நேரத்தில் வந்தாள். வர்லாம் வீட்டு முற்றத்தில் மேசை போட்டோம். அவரவர் தாழியைத் திறந்து, ஒரு குடம் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார்கள். விருந்தில் வாழ்த்துச் சொல்லும் தமதா நான்தான். அந்த வேலையை வேறு யாரும் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.

முதல் குடம் போன்தோவுடையது. எழுந்து நின்று முன்னோர்களுக்கு வாழ்த்துச் சொன்னேன். ராச்சாக்காரர்கள் மெதுவானவர்கள் என்று சமவெளிக்காரர்கள் கேலி செய்வார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். வாழ்த்து முடியும்வரை தேக்லே பொறுமையாக நின்றாள். பிறகு முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள், வாய்க்குள் சுழற்றினாள், வாளியில் துப்பினாள்.

போன்தோ குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இந்தப் பொண்ணு இப்ப யாரத் துப்புச்சு? எங்க தாத்தாவையா?" என்றான் போன்தோ.

அவள் பதறிப்போய், இது தன் தொழில், எல்லாவற்றையும் விழுங்கினால் கடைசிக் குடத்துக்கு வரும்போது ஒயினுக்கும் காடிக்கும் வித்தியாசம் தெரியாது என்று விளக்கினாள். நியாயம்தான். ஆனால் எங்கள் ஊரில் வாழ்த்து இல்லாமல் குடிக்க முடியாது. வாழ்த்திவிட்டுத் துப்பவும் முடியாது. ஆளாளுக்கு வேலியைப் பார்த்தார்கள். வர்லாமின் குடம் கடைசியில் இருந்தது.

நான் யோசித்தேன். பிடிக்காதவர்களுக்கு நாங்கள் பீரில்தான் வாழ்த்துச் சொல்வோம். துப்பப்படும் ஒயின் ஒயினே அல்ல, அதைப் பீர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அடுத்த வாழ்த்து ஆலங்கட்டி மழைக்கு. தேக்லே துப்பினாள். நாங்களும் துப்பினோம்; மனசுக்கு நன்றாக இருந்தது. பிறகு இலைப்பூஞ்சை நோய்க்கு, ரோடு போட்ட காண்ட்ராக்டருக்கு, எங்களை மெதுவானவர்கள் என்ற சமவெளிக்காரர்களுக்கு. ஊரே அவ்வளவு பக்தியோடு துப்பி நான் பார்த்ததில்லை. வாளி நிறைந்ததும் பன்றி எட்டி அதைக் குடித்துவிட்டு, போன்தோவையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு படுத்தது.

வர்லாமின் குடம் மேசைக்கு வந்தபோது எனக்கு எதிரிகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

"யாராச்சும் ஒருத்தன் மிச்சம் இருப்பான், யோசிண்ணே," என்று காதைக் கடித்தான் வர்லாம். மேதேயா பன்றிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். யோசித்துப் பார்த்தேன், ஒருவனும் அகப்படவில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகப் போனது. இந்தக் கொடியை நட்டவர், கயிற்றை நம்பாமல் அந்தச் சரிவிலேயே போய்ச் சேர்ந்தவர், வர்லாமின் அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தேக்லே ஒரு வாய் எடுத்தாள். வாளியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். விழுங்கினாள்.

வர்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போன்தோ விடவில்லை.

"வாழ்த்துக்காக முழுங்குச்சு. ஒயினுக்காகவா முழுங்குச்சு?"

"அதானே," என்றாள் மேதேயா, புருஷனைப் பார்த்து. "செத்தவருக்கு மரியாத பண்ணுச்சு. உன் சரக்குக்கு இல்ல."

தேக்லே அந்தச் சரிவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தானே குடத்தைச் சாய்த்து, கோப்பை நிறைய ஊற்றி, மெல்லக் குடித்து முடித்தாள்.

வாழ்த்து இல்லாமல். எங்கள் ஊரில் தனியாகக் குடிக்கிறவன்கூடச் சுவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பான். தமதா என்ற முறையில் கேட்க வேண்டியது என் கடமை.

"தாயி, இது யாருக்காகக் குடிச்ச?"

"யாருக்காகவும் இல்லீங்கய்யா. நல்லாருந்துச்சு, குடிச்சேன்."

இப்படி ஒரு காரணத்துக்காக எங்கள் மலையில் யாரும் ஒயின் குடித்ததில்லை.

மேதேயா குனிந்து, கொடியடியில் கட்டியிருந்த பன்றியை அவிழ்த்தாள். சரிவில் மெதுவாக இறக்கிக் கொண்டுபோய், போன்தோவின் தொட்டிக்கு ஒரு முழம் மேலே, வேலிக்கு இந்தப்புறம் கட்டினாள்.

"உருண்டு வர்றத இனி இது தின்னட்டும்," என்றாள்.

வர்லாமின் ஒயின் திபிலிசிக்குப் போனது. அறுவடைக்காலம் முழுக்கப் பன்றி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தது. குளிர்காலத்தில் அதை அறுத்து, தொடையைப் புகைபோட்டோம். அதில் ஒரு துண்டைக்கூட வாழ்த்துச் சொல்லாமல் வாயில் வைக்க நான் யாரையும் விடுவதில்லை.